டப்பாக்காவும் அறுநூற்று நாற்பதும்

சத்துப் பண்டிதர் என்று ஓர் இனம் நம்மிடையே நடமாடுகிறது. பார்த்திருப்பீர்கள். பள்ளிக்கூடத்தில் வேதியியல் வகுப்பு என்றாலே வயிற்றுவலி வந்தவர்கள்தான் பெரும்பாலும். ஆனால் இன்று ஒரு டப்பாவைக் கையில் கொடுத்தால், முன்பக்கத்தை ஏறெடுத்தும் பார்க்காமல், நேரே பின்பக்கம் திருப்பி, எறும்புக்கே கண் வலிக்கும் எழுத்தில் அச்சிட்டிருக்கும் பட்டியலை மேலிருந்து கீழ்வரை ஒரு ஓட்டு ஓட்டி, உதட்டைப் பிதுக்கி, "மெக்னீசியம் போட்டிருக்கான், ஆனா இது உடம்புல ஒட்டாத மெக்னீசியம்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். எது ஒட்டும், எது ஒட்டாது? அது அவர்களுக்குத் தெரியும். உடம்புக்குத் தெரியுமா என்பது வேறு விஷயம்.

இவர்களை மூன்று வாக்கியங்களை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம். "இது மருந்தே இல்ல, வெறும் சத்து" என்பது முதலாவது. "ஆராய்ச்சியே வந்திருக்கு" என்பது இரண்டாவது. எங்கே வந்தது, யார் செய்தது, எலிக்குச் செய்ததா மனிதருக்குச் செய்ததா என்றெல்லாம் கேட்டுவிடாதீர்கள், உறவு முறிந்துவிடும். மூன்றாவது வாக்கியம் வெளியில் கேட்காது. டாக்டரின் அறைக்குள் மட்டும்தான் சொல்லப்படும். அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி ஒருவரை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். பெயர் எதற்கு? தோழிகள் வைத்த பட்டப்பெயர் டப்பாக்கா. வயது நாற்பத்தொன்று. ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. திருநங்கை. ஹார்மோன் சிகிச்சை தொடங்கிப் பதினான்கு மாதம் ஆகிறது. டாக்டர் எழுதிக் கொடுத்தது இரண்டே இரண்டு: பெண் ஹார்மோன் மாத்திரை ஒன்று, ஆண் ஹார்மோனை அடக்கும் மாத்திரை ஒன்று. தினமும் விழுங்குவதில் மிச்சம் பத்தொன்பதும் டப்பாக்கா தனக்குத் தானே எழுதிக்கொண்டது.

பத்தொன்பதை எதில் வைப்பது? வாரத்துக்கு ஏழு அறை வைத்த மாத்திரைப் பெட்டிகள் மருந்துக்கடையில் கிடைக்கின்றன. அவற்றைப் பார்த்து டப்பாக்கா சிரித்துவிட்டார். நேரே இரும்புக்கடைக்குப் போய், ஆணி, திருகு, வாஷர் என்று பிரித்துப் போட்டுவைக்கும் முப்பத்தாறு அறை பிளாஸ்டிக் பெட்டியை வாங்கிவந்தார். கைப்பிடியும் உண்டு. தூக்கிக்கொண்டு நடந்தால் கிலுகிலுவென்று சத்தம் வரும். கடையில் கூட வேலை செய்கிறவர்கள் அந்தச் சத்தத்தை வைத்தே அக்கா வருவதைத் தெரிந்துகொண்டு கைபேசியை உள்ளே வைத்துவிடுவார்கள்.

காலைப் படலத்தை ஒருநாள் நீங்கள் பார்க்க வேண்டும். சருமத்துக்கு ஒன்று, நகத்துக்கு ஒன்று, எலும்புக்கு இரண்டு, எலும்புக்குப் போட்டது சிறுநீரகத்தில் கல்லாகத் தங்கிவிடாமல் இருக்க ஒன்று, அந்த ஒன்று வயிற்றைக் கெடுக்காமல் இருக்க ஒன்று, இடுப்பு அகல ஒன்று, இடை குறுக ஒன்று, இந்த இரண்டும் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொள்ளாமல் இருக்க ஒன்று, பெண் ஹார்மோனுக்கு ஒத்தாசையாக ஆளிவிதைப் பொடி இரண்டு கரண்டி, இரத்த அழுத்தம் ஏறக்கூடாது என்று சாப்பாட்டில் சாதா உப்புக்குப் பதில் சோடியம் இல்லாத உப்பு, இத்தனையும் விழுங்கி முடிப்பதற்குள் களைத்துப்போகிறதே என்று தெம்புக்கு ஒரு எனர்ஜி டிரிங்க். அதற்கு மேல் காப்பி. காப்பி கணக்கில் வராது.

அவருடன் ஒரே வீட்டில் இருக்கும் தங்கை பள்ளி வேன் ஓட்டுகிறாள். சாவியைக் கையில் சுழற்றியபடி தினமும் இந்தப் படலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"அக்கா, சாப்பிட வா."

"இப்பதானே சாப்பிட்டேன்."

"அதுக்குப் பேரு சாப்பாடா? சரக்கு ஏத்துறது."

இந்த 'அக்கா'வை நாக்குத் தடுக்காமல் சொல்லத் தங்கைக்கு முழுதாக ஒரு வருஷம் பிடித்தது. இப்போது தெருமுனையிலேயே வேனை நிறுத்திக்கொண்டு ஊருக்கே கேட்கும்படி கத்துகிறாள். அதைக் கேட்கும்போதெல்லாம் டப்பாக்காவுக்கு நெஞ்சு நிறைந்துவிடும். நிறைந்த கையோடு படபடவென்று அடித்துக்கொள்ளவும் செய்யும். கொஞ்ச நாளாகவே அப்படித்தான்.

"இது ரெண்டாவது பருவம்டி. பதினாறு வயசுல எல்லாருக்கும் இப்படித்தான் படபடக்கும்" என்று விளக்கம் கொடுத்தார்.

"பதினாறு வயசுல யாரும் காலங்காத்தால ரெண்டு எனர்ஜி டிரிங்க் குடிக்கல" என்றாள் தங்கை.

"இன்னிக்கு ஒண்ணுதான்."

"இன்னொண்ணு கைப்பையில இருக்கு."

வேடிக்கை என்னவென்றால், கடைக்குள் கால் வைத்ததும் டப்பாக்கா வேறு ஆளாகிவிடுவார். நடைபாதையில் குவித்துப் போட்டு விற்கும் கண்ணாடிகளில் எதையாவது எடுத்து மாட்டிக்கொண்டு, "இதுல நல்லாத்தான் தெரியுது, ஆனா தலைவலி வருது" என்று யாராவது வந்துவிட்டால் போதும், பிடித்துக்கொள்வார். "உங்க கண்ணுக்கு நீங்களே பவர் போட்டுக்கிட்டா நான் எதுக்கு இங்க உக்காந்திருக்கேன்? படிச்சவங்ககிட்ட கேக்க வேண்டாமா?" வந்தவர் கூனிக்குறுகிப் போவார். அவர் போன கையோடு டப்பாக்கா மேசைக்கு அடியில் இருக்கும் பெட்டியைத் திறந்து, பதினோரு மணி மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். எந்தப் படித்தவரிடம் கேட்டார்? நீங்களும் கேட்காதீர்கள்.

இப்போது அந்த மூன்றாவது வாக்கியம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாக்டரம்மாவைப் பார்க்கப் போவார். போகும்போது பெட்டி தங்கையின் வேனிலேயே தங்கிவிடும். டாக்டரம்மா எடை பார்ப்பார், அழுத்தம் பார்ப்பார். "நாடி ஏன் இவ்வளவு வேகமா ஓடுது?" என்பார். "உங்களைப் பார்த்த சந்தோஷம் டாக்டர்" என்று வாயெல்லாம் பல்லாகப் பதில் வரும். பிறகு, எழுதுவதை நிறுத்தாமலே, எல்லா டாக்டர்களும் கேட்கும் அந்தக் கேள்வியைக் கேட்பார்.

"வேற ஏதாவது சாப்பிடுறீங்களா?"

"ஒண்ணும் இல்ல டாக்டர்."

இதுதான் அது. பத்தொன்பதையும் ஒரே மூச்சில் விழுங்கும் வாக்கியம். இதைச் சொல்லும்போது டப்பாக்காவின் முகத்தைப் பார்த்தால் பச்சைக் குழந்தை தோற்றுவிடும்.

ஏன் இந்தப் பொய்? கிண்டலைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுச் சொல்கிறேன். இந்த இரண்டு மாத்திரைகளுக்காக டப்பாக்கா ஆறு வருஷம் அலைந்திருக்கிறார். ஒரு டாக்டர் முகத்தைக் கூடப் பார்க்காமல் அனுப்பினார். இன்னொருவர் நல்லபடியாகப் பேசி, காத்திருக்கச் சொல்லி, காத்திருக்கச் சொல்லி, கடைசியில் வேலை மாறிப் போய்விட்டார். அத்தனைக்கும் பிறகு திறந்த கதவு இது. 'இதைச் சாப்பிடறீங்களா, அப்படின்னா அதை நிறுத்துவோம்' என்று டாக்டரம்மா சொல்லிவிட்டால்? அந்தப் பயம் ஒன்றுதான். பெட்டி முழுக்கச் சத்து இருந்தது, உண்மை சொல்லத் தெம்பு இல்லை.

இப்படியே ஓடிக்கொண்டிருந்த வண்டியை நெற்றியோரத்து முடி கவிழ்த்தது. நெற்றிப்பொட்டின் இரண்டு பக்கத்திலும் முடி ஏறிக்கொண்டே போகிறது என்பது டப்பாக்காவின் பழைய கவலை. ஹார்மோன் தொடங்கிய பிறகு அது நின்றுவிட்டது. நின்றால் போதுமா? முன்னால் வர வேண்டாமா? முடிக்கென்றே பயோட்டின் என்று ஒரு சத்து இருப்பதைக் கண்டுபிடித்து, அதிலும் இருப்பதிலேயே பெரிய அளவாகப் பார்த்து, ஒரு நாளைக்கு உடம்புக்குத் தேவையானதைப் போல் முந்நூறு மடங்கை ஒரே மாத்திரையில் விழுங்க ஆரம்பித்தார். "அதிகமானா சிறுநீர்லயே போயிடும். ஆராய்ச்சியே வந்திருக்கு." பத்தொன்பது இருபதானது.

மூன்று வாரம் கழித்து இரத்தப் பரிசோதனை. வெறும் வயிற்றோடு வரும்படி யாரும் சொல்லவில்லை. ஆனாலும் டப்பாக்கா கட்டுப்பாடு மிக்கவர். பச்சைத் தண்ணீர் தவிர எதையும் தொடாமல் போனார். அந்தப் பச்சைத் தண்ணீரோடு இறங்கிய பதினாறு மாத்திரைகளைச் சொல்கிறீர்களா? அது சாப்பாடு ஆகாது. இரத்தம் எடுக்கும் பையன் முகத்தைப் பார்த்து, "காலைல ஏதாவது எடுத்தீங்களா மேடம்?" என்றான். "ஒண்ணும் இல்லப்பா."

முடிவு கைபேசிக்கு வந்தபோது டப்பாக்கா ஒரு வாடிக்கையாளரின் மூக்கில் கண்ணாடிச் சட்டத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஓரக்கண்ணால் பார்த்தார். சட்டத்தை அப்படியே விட்டுவிட்டார். பெண் ஹார்மோன், போன முறை நூற்றுச் சொச்சம். இந்த முறை அறுநூற்று நாற்பது!

தலைகால் புரியவில்லை. தோழிகள் பதினெட்டுப் பேர் இருக்கும் குழுவில் உடனே பதினோரு நிமிடக் குரல்செய்தி ஒன்று போட்டார். அதில் ஆளிவிதையின் வரலாறு மட்டும் நான்கு நிமிடம். "டாக்டர் குடுத்த அளவுல ஒரு துளி மாறலடி. எல்லாம் நம்ம சத்து. டாக்டருங்களுக்கு இதெல்லாம் தெரியாது." வாழ்த்துகள் குவிந்தன. மூன்று பேர் ஆளிவிதை எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். அடுத்த வரியில் ஆண் ஹார்மோனும் கூடவே ஏறியிருந்தது. அதை டப்பாக்கா பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பார்த்தார். விரலால் மறைத்துக்கொண்டார்.

மறுநாளே டாக்டரம்மாவிடமிருந்து அழைப்பு. பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போனார்.

டாக்டரம்மா தாளை மேசையில் வைத்து இரண்டு எண்களுக்கும் அடியில் கோடு போட்டார். "ரெண்டுமே ஏறியிருக்கு. ஒண்ணு ஏறினா இன்னொண்ணு இறங்கணும். ரெண்டும் எப்படி ஏறும்?"

"நான் எல்லாத்துலயும் முன்னேறிட்டு வரேன் டாக்டர்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "இந்த அறுநூத்தி நாப்பது உண்மைன்னா, கால்ல ரத்தம் கட்டும், அது நுரையீரலுக்குப் போகும். தெரிஞ்சுக்கிட்டே என்னால விட முடியாது. வேற ஏதாவது சாப்பிடுறீங்களா? நல்லா யோசிச்சு சொல்லுங்க."

யோசிக்க நேரம் கொடுத்தால் பழகிய நாக்கு அதை வாங்கிக்கொள்ளுமா?

"ஒண்ணும் இல்ல டாக்டர்."

"அப்ப மாத்திரையைப் பாதியா குறைக்கிறேன். மூணு மாசம் கழிச்சுத் திரும்பப் பாக்கலாம்."

பாதி. மூன்று மாதம். மறுநாள் காலை சமையல் மேடையில் கத்தியை வைத்து அந்தச் சின்ன மாத்திரையை இரண்டாக வெட்டினார். ஒரு பாதியை விழுங்கினார். இன்னொரு பாதியைப் பெட்டியில் காலியாக இருந்த அறையில் போட்டார். மற்ற டப்பாக்களைத் திறக்கவே இல்லை. பதினான்கு மாதமாகக் கண்ணாடியில் தெரிந்த முகம் பழையபடி இறுகிவிடுமோ, நாற்பது வருஷம் கழித்து மனதுக்குள் வந்து உட்கார்ந்த அமைதி எழுந்து போய்விடுமோ என்று நினைத்தார். அழுகை வந்தது. தங்கை கதவருகில் நின்று பார்த்துவிட்டு, அன்று எதையும் கேலி செய்யாமல் வேனை எடுத்துக்கொண்டு போனாள்.

அன்று மதியம் கடைக்கு ஒரு கிரேன் ஓட்டுநர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். உரிமம் புதுப்பிக்கக் கண் சான்றிதழ் வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கண்ணை மூடியதும், சுவரில் மாட்டியிருந்த எழுத்து அட்டையின் கடைசி வரியைத் தடதடவென்று ஒப்பித்தார். அவ்வளவு வேகத்தில் அதை டப்பாக்காவால் கூடப் படிக்க முடியாது. சந்தேகம் வந்தது. "அடுத்த கண்ணை மூடுங்க" என்று சொல்லிவிட்டு, சத்தமில்லாமல் அட்டையைத் திருப்பி மாட்டினார். பின்பக்கம் வேறு எழுத்துகள். ஓட்டுநர் அதே வரியை அதே வேகத்தில் ஒப்பித்தார்.

"அண்ணே, அட்டையைத் திருப்பிட்டேன்."

கையும் களவுமாக மாட்டிக்கொண்ட ஓட்டுநர் அசடு வழியச் சிரித்தார். "வெளியில நிக்கறப்பவே மனப்பாடம் பண்ணிட்டேன்மா."

"உங்க ஞாபக சக்திக்கு நான் கண்ணாடி செய்ய முடியுமா? உங்க கண்ணு எப்படி இருக்குன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

"தெரியலன்னு சொன்னா வண்டியில ஏத்த மாட்டாங்க. இருபது வருஷமா இது ஒண்ணுதான்மா எனக்கு. பயமா இருக்கு."

"பயந்துக்கிட்டுப் பொய் சொன்னா நான் அதை நம்பித்தானே பவர் போடுவேன்? தப்பான பவர் போட்டா யாரு அனுபவிக்கிறது? நீங்க மறைச்சா நான் எப்படி..."

வாக்கியம் பாதியில் நின்றது. டப்பாக்காவின் கால், மேசைக்கு அடியில் இருந்த பெட்டியில் இடித்தது. உள்ளே கிலுகிலுத்தது.

"என்னம்மா?" என்றார் ஓட்டுநர்.

"ஒண்ணும் இல்ல" என்று சொல்ல வாயெடுத்து, அது டாக்டரம்மாவிடம் சொன்ன அதே வார்த்தை என்று உறைக்க, சொல்லாமல் நிறுத்திக்கொண்டார். அரை மணி நேரம் செலவழித்து ஓட்டுநரின் கண்ணை உள்ளபடி அளந்தார். சரியான வில்லைகளைப் போட்டதும் திருப்பிய அட்டையின் கடைசி வரி வரைக்கும் அவர் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, நிஜமாகவே படித்தார். "கண்ணாடி போட்டுக்கிட்டு ஓட்டலாம்ணே. உங்க வேலை எங்கயும் போகாது" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, முதலாளியிடம் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

போகிற வழியில் வீட்டிலிருந்து அள்ளிக்கொண்ட இருபது டப்பாக்களும் டாக்டரம்மாவின் மேசையில் பரப்பப்பட்டன. நர்ஸ் பட்டியல் எழுதினார். முதல் தாள் போதவில்லை, இரண்டாவது தாள் எடுத்தார். "எனர்ஜி டிரிங்கையும் சேக்கணுமா?" என்று டப்பாக்கா கேட்டார். "எத்தனை?" "ரெண்டு... காப்பியைச் சேக்காம." நர்ஸ் பேனாவை ஒரு நிமிடம் கீழே வைத்தார்.

டாக்டரம்மா பட்டியலை மேலிருந்து கீழே படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"பதினாலு மாசமா நான் யாருக்கும்மா வைத்தியம் பாத்துட்டிருக்கேன்? உங்களுக்கா, இந்தப் பெட்டிக்கா?"

டப்பாக்கா பெட்டியைக் காலால் நாற்காலிக்கு அடியில் தள்ளினார்.

"இந்த உப்பு. இதுல சோடியத்துக்குப் பதிலா பொட்டாசியம். ஆண் ஹார்மோனை அடக்க நான் குடுக்கற மாத்திரையே பொட்டாசியத்தை உடம்புல பிடிச்சு வைக்கும். ரெண்டும் சேந்தா இதயம் நின்னு போகலாம். இன்னிக்கே நிறுத்துங்க, இப்பவே ரத்தம் குடுத்துட்டுப் போங்க. இந்த டிரிங்க், உங்க படபடப்பு இதான், ரெண்டாவது பருவம் இல்ல." விரல் கீழே இறங்கி ஓரிடத்தில் நின்றது. டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "பயோட்டினா? இவ்வளவா? இது முடியை வளக்குமோ வளக்காதோ, பரிசோதனைக் கருவியை நல்லா ஏமாத்தும். இல்லாததை இருக்குன்னு காட்டும். ரெண்டு ஹார்மோனும் ஏன் ஏறுச்சுன்னு ரெண்டு நாளா மண்டையை உடைச்சிட்டிருந்தேன்."

"அப்ப அந்த அறுநூத்தி நாப்பது?"

"உங்களோடது இல்லம்மா. அந்த முடி மாத்திரையோடது."

"சொன்னா மருந்தை நிறுத்திடுவீங்கன்னு பயந்துட்டேன் டாக்டர்" என்றார் டப்பாக்கா.

"நீங்க சொல்லாததாலதான் நான் குறைச்சேன்" என்றார் டாக்டரம்மா.

பொட்டாசியம் எல்லைக்கோட்டில் நின்றுகொண்டிருந்தது; உப்பை மாற்றியதும் இறங்கிவிட்டது. பயோட்டினை நிறுத்தி ஐந்து நாள் கழித்து மறுபடியும் இரத்தம் கொடுத்தார். நூற்று முப்பத்தொன்று. ஆண் ஹார்மோன் இருக்க வேண்டிய அடிமட்டத்தில். இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் இருந்தது, முதலிலிருந்தே இருந்திருக்கிறது. பட்டியலைப் பார்த்த அன்றே பாதியை முழுதாக்கச் சொல்லியிருந்த டாக்டரம்மா, பழைய அளவையே தொடரும்படி எழுதினார். இருபதில் ஒன்றே ஒன்று பிழைத்தது. எலும்புக்கான வைட்டமின், அதுவும் அளந்து பார்த்த பிறகு.

வேனில் உட்கார்ந்து டப்பாக்கா அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னதான் இருந்தாலும் அறுநூற்று நாற்பதுக்கு ராணியாக இருந்தவர் அல்லவா? கொஞ்சம் சப்பென்றுதான் இருந்தது. "நூத்தி முப்பத்தொண்ணுடி" என்றார்.

"நல்லதா கெட்டதா?"

"சரியா இருக்காம்."

"அப்புறம் என்ன? சாப்பிட வா" என்றாள் தங்கை. டப்பாக்கா போனார். தட்டில் போட்டதைச் சாப்பிட்டார்.

கடைசியாக ஒரு வேலை பாக்கியிருந்தது. குழுவில் குரல்செய்தி. இந்த முறை நாற்பது விநாடி. "அந்த நம்பர் பொய்டி. முடி மாத்திரை பண்ணின வேலை. ஆளிவிதைக்கு இதுல ஒரு சம்பந்தமும் இல்ல. நான் பத்தொன்பது, இல்ல, இருபது மாத்திரையை டாக்டர்கிட்ட மறைச்சேன். கிட்டத்தட்ட என் மருந்தையே நானே பிடுங்கிக்கப் பாத்தேன். என்னைக் கேலி பண்ணணும்னா பண்ணிக்கோங்க. உங்க டாக்டர்கிட்ட மட்டும் எல்லாத்தையும் சொல்லிடுங்க."

கேலி வரும் என்று காத்திருந்தார். பிறகு ஒருத்தி எழுதினாள்: "நானும்." அடுத்து இன்னொருத்தி: "நானும் அக்கா." போன மாதம் எழுநூற்றுப் பத்து என்று எல்லாரையும் வாய்பிளக்க வைத்தவள், கொஞ்சம் யோசித்துவிட்டு: "நானும்தான்." மாலைக்குள் பதினெட்டில் பதினாறு. மிச்சம் இருவர் படித்தார்கள், பதில் போடவில்லை.

சிரித்தீர்கள் அல்லவா? சிரிக்க வேண்டியதுதான். உங்களுக்கு ஹார்மோனும் இல்லை, இருபது மாத்திரையும் இல்லை. குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே இருக்கும் அந்தப் பச்சைப் பொடி மட்டும்தான். பிறகு மைத்துனர் வெளியூரிலிருந்து கொண்டுவந்த மீன் எண்ணெய். அலுவலக மேசை இழுப்பறையில் தூக்கத்துக்கு ஒன்று, விழிப்புக்கு ஒன்று. அது மருந்தே இல்லையே, வெறும் சத்துத்தானே? போன மாதம் டாக்டர் கேட்டபோது என்ன சொன்னீர்கள்?

என்னைக் கேட்கிறீர்களா? எனக்கு இந்தப் பழக்கமெல்லாம் கிடையாது. நேற்றுத்தான் என் டாக்டர் கேட்டார். "ஒண்ணும் இல்ல டாக்டர்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். கைப்பையில் ஏதோ கிலுகிலுத்தது. அவர் தலைநிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

நான் திரும்ப உட்கார்ந்து பையைத் திறந்தேன். நீங்கள் போகும்போது, அறைக்குள் நுழைவதற்கு முன்பே உங்கள் பையை ஒருமுறை ஆட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.